ஊர்ப் பேரைச் சொன்ன பெட்டி

சுருளிப்பட்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களில் ஒன்றுக்காகப் போகிறார்கள். ஒன்று, சுருளி அருவியில் தலையை நனைத்துக்கொண்டு வருவது. மற்றொன்று, திராட்சை வாங்குவது. நான் போனது இரண்டுக்குமல்ல. ஒரு பழைய ரேடியோப் பெட்டியைப் பார்ப்பதற்காக.

கம்பத்திலிருந்து அருவிக்குப் போகிற வழியில் கல் தூண் நட்டுக் கம்பி கட்டிய திராட்சைப் பந்தல்கள் இருக்கின்றன. பந்தலுக்குள் நுழைந்தால் பட்டப்பகலிலும் பச்சை நிறத்தில் ஒரு மாலை வெளிச்சம். நிமிர்ந்து நடந்தால் பன்னீர்க் குலைகள் நெற்றியில் இடிக்கும். பந்தலை விட்டு வெளியே வந்தால் கிழக்கே மேகமலை. மேற்கே கேரளத்து எல்லை மலை. இரண்டு மலைகளுக்கும் நடுவே, உள்ளங்கையில் வைத்த பொருள்போல் ஊர் கிடக்கிறது.

அந்த ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி இருந்தது. ஏணி வைத்து இறக்கினார்கள். மரப் பெட்டி. முன்பக்கத்துத் துணி நைந்து, முள் ஓடும் கண்ணாடியில் ஒரு கீறல். பின்பக்க அட்டை போய்விட்டபடியால் உள்ளேயிருந்த வால்வுகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் மேலும் சிலந்தி ஒரு கூடாரம் போட்டிருந்தது. பெரியவர் மேல்துண்டால் தூசியைத் துடைத்துவிட்டு, திருகு ஒன்றைப் பிடித்துத் திருப்பினார். முள் நகர்ந்தது. ஓர் இடத்தில் நிறுத்தினார். "இந்த எடந்தான் தம்பி. இங்கன நிப்பாட்டினா சிலோன்" என்றார்.

ஐம்பது வருஷமாகப் பேசாத பெட்டி. ஆனால் இடம் அவருக்கு மறக்கவில்லை.

"இப்போது நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் கேட்கலாமே, ஐயா. கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது. பின்னே எதற்காக அதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பாட்டு எங்க போச்சு, தம்பி? பாட்டு கெடக்கு, கொட்டிக் கெடக்கு. நம்ம ஊருப் பேரைச் சொல்றதுக்குத்தான் ஆளு இல்ல."

பிறகு ஒரு கதை சொன்னார். 1974-ஆம் வருஷம் அவருடைய மூத்த பெண்ணுக்கு முதலாவது பிறந்த நாள். ஒரு மாதத்துக்கு முன்பே கொழும்புக்குக் கடிதம் எழுதிப் போட்டார். அன்று பொழுது விடிந்ததும் வீட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து திண்ணையில் நின்றார்கள். குழந்தையின் பெயர் வந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பாட்டி பெயர்கள் வந்தன. கடைசியில், "சுருளிப்பட்டி" என்று ஊர்ப் பெயரும் வந்தது. "ஆத்தி, அன்னைக்கு எங்க அம்மா அழுத அழுகை!" என்றார்.

"படித்தது யார், ஐயா? ஞாபகம் இருக்கிறதா?"

"பொம்பளைக் குரலு. தேனாட்டம் இருந்துச்சு." சற்று யோசித்தார். "பேரு தெரியல, தம்பி."

குழந்தைக்கு அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் அவருக்கு ஞாபகம் இருந்தது. திண்ணையில் யார் யார் நின்றார்கள் என்பதும் ஞாபகம் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னவளின் பெயர் மட்டும் ஞாபகம் இல்லை. அந்த மறதி என்னை விடாமல் தொடர்ந்து வந்தது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

முதலில் ஒரு கேள்வி. தமிழ்நாட்டின் மேற்குக் கோடியில், மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கிராமத்துக்கு, கடலுக்கு அப்பால் வேறொரு தேசத்தின் தலைநகரிலிருந்து பேசிய வானொலி எப்படிச் சொந்த வானொலி ஆயிற்று?

தேசப்படத்தை எடுத்து ஒரு நூலை வைத்து அளந்து பார்த்தால் கேள்வியில் பாதி கரைந்துவிடும். சுருளிப்பட்டியிலிருந்து சென்னை, நேர்கோட்டில் சுமார் 495 கிலோமீட்டர். கொழும்போ சுமார் 415 கிலோமீட்டர்தான். நம் ராஜதானியைக் காட்டிலும் அயல் ராஜதானி கிட்டத்தில் இருக்கிறது!

கேள்வியின் மறு பாதியை மலை எழுப்புகிறது. மலை மறைக்காதா? மறைக்காது. சிற்றலை என்று நாம் சொல்லும் வானொலி அலை தரையோடு தவழ்ந்து வருவதில்லை. அது வானத்தை நோக்கிப் போகிறது. பூமிக்கு மேலே நூறு முதல் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருக்கிறது. அதில் பட்டு, சுவரில் எறிந்த பந்து போலத் திரும்பி வந்து விழுகிறது. மேலேயிருந்து விழுகிற ஒன்றுக்கு மேகமலை என்ன, இமயமலை என்ன? கிணற்றுக்குள் நிற்கிறவன் தலையிலும் மழை பெய்யத்தானே செய்யும்? ஆனால் அந்த வானத்துச் சுவர் நிலையாக நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சிலோன் ரேடியோப் பாட்டு கிட்டே வந்து, எட்டே போய், மறுபடி கிட்டே வந்தது. அந்தக் காலத்து நேயர்களுக்கு அது குறையாகவே படவில்லை. கடல் தாண்டி வருகிற குரல் அலையடிக்காமல் வருமா என்று எண்ணிக்கொண்டார்கள் போலும்.

ஆக, பாதை இருந்தது. பாதை இருந்தால் மட்டும் போதுமா? நடக்க ஓர் அவசியம் வேண்டும். அந்த அவசியத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் கொழும்புக்காரர்கள் அல்ல; டில்லிக்காரர்கள்.

இலங்கையில் வானொலி முளைத்தது மிகவும் முந்தி. தந்தி இலாகாவில் பிரதம எஞ்சினீயராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். 1925-ஆம் வருஷம் டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாக ஆரம்பமாயிற்று. அப்புறம் இரண்டாவது உலக யுத்தம் வந்தது. தென்கிழக்காசியப் போர்முனையிலிருந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் கொடுப்பதற்காக நேச நாட்டுப் படையினர் இலங்கையில் ஒரு வானொலி வைத்தார்கள். கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் சக்தி கொண்ட சிற்றலைக் கருவி ஒன்றை நிறுவினார்கள். பர்மாக் காட்டில் கிடந்த சிப்பாய்க்குக் கேட்கவேண்டும் என்று செய்த கருவி! யுத்தம் முடிந்தது, சிப்பாய்கள் வீட்டுக்குப் போனார்கள், இலங்கை 1948-இல் சுதந்தரம் பெற்றது. 1949-இல் கருவி இலங்கைச் சர்க்காரின் கைக்கு வந்தது. ரேடியோ சிலோன் என்ற பெயர் பிறந்தது.

சின்னஞ்சிறு தீவு, கையில் ஆசியாவுக்கே கேட்கிற தொண்டை. அதை என்ன செய்வது? விற்கலாம் என்று முடிவு செய்தார்கள். 1950-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து கிளிஃபோர்ட் டாட் என்ற அனுபவசாலி வந்து அதை வழிநடத்தினார். விளம்பரம் வாங்குவது, அதற்காக ஜனங்கள் விரும்புகிற பாட்டைப் போடுவது; இவ்வளவுதான் சூத்திரம்.

இந்தச் சமயத்தில் டில்லியில் என்ன நடந்தது? 1952-ஆம் வருஷம் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக பி. வி. கேஸ்கர் வந்தார். அவரைக் கேலி செய்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிச் செய்யமாட்டேன். அவர் முறையாகச் சாஸ்திரீய சங்கீதம் பயின்றவர். சமஸ்தானங்கள் போய்விட்டன, வித்துவான்களை ஆதரிக்க ராஜாக்கள் இல்லை, இனி வானொலிதான் ராஜா என்று அவர் நினைத்தார். அது தப்பா? அந்தப் பத்து வருஷத்தில் அகில இந்திய வானொலி எத்தனை வித்துவான் வீட்டு அடுப்பை எரிய வைத்தது என்பதைச் சங்கீத உலகம் அறியும்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். வானொலியில் அதன் பங்கை வெட்டினார். போடுகிற சில பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னால் அது விளம்பரம் என்று ஏற்பாடாயிற்று. படத் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. பாட்டுகளை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

வீட்டில் சோறு போட மறுத்தால் பிள்ளை பட்டினியா கிடக்கும்? பக்கத்து வீட்டுக்குப் போகும். 1952-ஆம் வருஷம் டிசம்பரில், பற்பசை விளம்பரத்தோடு 'பினாகா கீத்மாலா' என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஆரம்பமாயிற்று. அமீன் சயானியின் குரலுக்காக வடநாடு முழுவதும் வாரத்துக்கு ஓர் இரவு காத்துக் கிடந்தது. தெற்கே நமக்குத் தமிழ் ஒலிபரப்பு. முள் ஒரு விரற்கடை நகர்ந்தது. ரசனையைத் திருத்தும் திட்டம் அங்கேயே கவிழ்ந்தது.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த வேடிக்கை அன்று. இங்கிலாந்திலும் பி.பி.சி. நல்ல ரசனைக்குக் காவல் இருந்தது. இளைஞர்கள் கேட்க விரும்பிய ராக் சங்கீதத்தைக் கடுகளவே கொடுத்தது. 1964-இல் இங்கிலாந்தின் கரைக்கு அப்பால் ஒரு கப்பலை நிறுத்தி, அதிலிருந்து 'ரேடியோ கரோலைன்' பாட்டுப் போட ஆரம்பித்தது. அங்கேயும் ஜனங்கள் விரும்பிய குரல் கடல் பக்கமிருந்துதான் வந்தது. 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டு அந்தக் கடற்குரல்களை அடக்கினார்கள்; அடுத்த மாதமே பி.பி.சி. தானே ஒரு பாட்டு நிலையம் திறந்து, கப்பலில் பேசிய அறிவிப்பாளர்கள் பலரை அழைத்து உட்கார வைத்துக்கொண்டது. ஒரு தலைமுறை அந்தக் கப்பல்களை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறது.

நம் அகில இந்திய வானொலிக்கும் நியாயம் செய்துவிடவேண்டும். வயலுக்கும் வீட்டுக்கும் அது செய்த உபகாரம் பெரிது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொல்லிப் பரப்பியது. தஞ்சைக் குடியானவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு வானொலிக்கு அதைவிடப் பெரிய விருது உண்டா? ஆனால் திருச்சி வானொலி குடியானவனுக்குச் சொன்னது. கொழும்பு வானொலி அவனைக் கேட்டது. 'உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும்? உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்?' என்று கேட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் போதுமானதாக இருந்தது.

கொழும்பு 7, டொரிங்டன் சதுக்கம் என்ற விலாசத்துக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. காலையில் 'பொங்கும் பூம்புனல்'. அப்புறம் 'பிறந்தநாள் வாழ்த்து'. 'நீங்கள் கேட்டவை', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' என்று நாளுக்கும் வாரத்துக்கும் ஒரு முறை இருந்தது. வெறும் பாட்டுகளை அடுக்கிப் போடுவதல்ல. பெயர்களைப் படித்தார்கள். ஆண்டிபட்டியும் அறந்தாங்கியும் சாத்தான்குளமும் நாட்டரசன்கோட்டையும் அங்கே சமமான பட்டணங்கள். ஒரு பத்திரிகையில் பெயர் வருவதற்கு மனிதன் ஒன்று மந்திரியாக வேண்டும், அல்லது கிணற்றில் விழவேண்டும். சிலோன் ரேடியோவில் பெயர் வரப் பிறந்திருந்தால் போதும்!

இன்னொரு சங்கதி உண்டு. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் முன்னோர்கள் மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் ஜில்லாக்காரர்கள். கம்பம் பள்ளத்தாக்கு அப்போது மதுரை ஜில்லாவில்தான் இருந்தது; தேனி தனி மாவட்டமானது 1996-இல். 1964-ஆம் வருஷம் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், அந்தத் தோட்ட ஜனங்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. அண்ணன் இக்கரையில், தங்கை அக்கரையில் என்று குடும்பங்கள் பிரிந்தன. ஒரே நேரத்தில் இரு கரையிலும் கேட்கிற வானொலியில் ஒரு பெயர் வந்தால், அது அவர்களுக்குப் பாட்டுக்கு முன்னால் வருகிற வெறும் அறிவிப்பா?

அந்தப் பெயர்களைப் படித்தவர்களைச் சொல்லவேண்டும். ஆரம்ப காலத்தில் எஸ். பி. மயில்வாகனம், தமிழ்நாட்டில் சினிமா நட்சத்திரத்துக்கு இருந்த புகழ் அவர் குரலுக்கு இருந்தது. அப்புறம் ராஜேஸ்வரி சண்முகம். நாடகம் நடித்துப் பழகிய, குழைவும் திருத்தமும் சேர்ந்த உச்சரிப்பு. பி. எச். அப்துல் ஹமீத், ஒரு மெய்யெழுத்துக்கூடக் கீழே சிந்தாத தமிழ். கே. எஸ். ராஜா, மூச்சு விடுகிறாரா என்று சந்தேகப்படும்படியான வேகம், ஆனால் ஒரு சொல்கூடக் குழம்பாது. ழகரம் எங்கே, ளகரம் எங்கே என்று பள்ளிக்கூட வாத்தியார் பிரம்பால் சொல்லிக் கொடுத்ததை இவர்கள் பாட்டுக்கு நடுவே சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்கள்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜாவின் பண்ணைப்புரம் சுருளிப்பட்டிக்குச் சில மைல் தூரத்தில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் வயலிலும் களத்துமேட்டிலும் கிடந்த மெட்டு, ஒரு மனிதரோடு சென்னைக்குப் பிரயாணம் போய், இசைத்தட்டாகிக் கடல் தாண்டி, ஏக்கலையிலிருந்து வானத்துக்கு ஏறி, மறுபடியும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே வந்து விழுந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, தங்கள் பாட்டு அயல்நாட்டிலிருந்து தங்களுக்கே திரும்பி வந்த விந்தை புரிந்ததோ இல்லையோ, தெரிந்த குரல் என்று நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

இத்தனையும் எப்படி மாறியது? ஒரே நாளில் மாறவில்லை. ஒவ்வொரு செங்கலாக மாறியது.

டில்லிக்குப் புத்தி வர ஐந்து வருஷம் பிடித்தது. 1957 அக்டோபரில் சினிமாப் பாட்டுக்கென்றே விவித பாரதியைத் தொடங்கினார்கள். 1967 நவம்பர் முதல் தேதி அதில் விளம்பரமும் வந்தது. இந்திய வியாபாரி தன் சோப்புக்கும் பற்பசைக்கும் கடல் தாண்டி விளம்பரம் செய்யவேண்டிய அவசியம் குறைந்தது. அதே 1967 ஜனவரியில் ரேடியோ சிலோன் ஒரு கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1972-இல் தேசத்தின் பெயர் ஸ்ரீலங்கா என்று மாறியபோது, வானொலியின் பெயரும் மாறியது. நம் ஜனங்கள் மட்டும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களுக்குக் கடைசி வரை அது சிலோன் ரேடியோதான். அப்புறம் தெருவுக்குத் தெரு டேப் ரிக்கார்டர் வந்தது. ஊருக்கு ஒன்றாகத் தொலைக்காட்சி வந்தது. 1989-இல் அந்தக் கீத்மாலாவே கொழும்பை விட்டு விவித பாரதிக்குக் குடிபெயர்ந்தது. பாட்டுக்குப் பாட்டு பிற்பாடு தொலைக்காட்சிக்கு ஏறியது.

பழைய நேயர்கள் இந்த வரிசையைத்தான் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். எல்லாம் வாஸ்தவம். ஆனால் இந்த வரிசையில் ஒரு தேதியை நாம் லேசாகத் தாண்டிப் போய்விடுகிறோம். 1983 ஜூலை.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பட்டியல் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். கறுப்பு ஜூலை என்று சரித்திரம் அதற்குப் பெயர் வைத்தது. நமக்கு 'வணக்கம்' சொல்லிக் காலையை ஆரம்பித்து வைத்த குரல்கள் எந்த ஊரில் இருந்தனவோ, அந்த ஊர்தான் எரிந்தது. அந்தக் குரல்களுக்கு வீடு இருந்தது, குழந்தை குட்டிகள் இருந்தன, அவர்கள் வீட்டிலும் பிறந்த நாள் வந்தது என்பதையெல்லாம் அன்றைக்குத்தான் நம்மில் பலர் முதல் தடவையாக நினைத்தோம். நினைக்காதவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு யுத்தம். அறிவிப்பாளர்கள் சிலர் லண்டனுக்கும் வேறு தேசங்களுக்கும் போய்விட்டார்கள். சிலர் அங்கேயே இருந்து, அதே ஒலிவாங்கிக்கு முன்னால் அதே திருத்தமான தமிழைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். கே. எஸ். ராஜா கொழும்பில் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அழைப்பில்லாமலே நுழைந்து, யாராலும் போகச் சொல்லப்படாத குரல் அது. அந்தச் செய்தி நம் ஊர்களில் எத்தனை வீட்டில் அடுப்பை அணைத்தது?

ஒரு நிலையம் தன் வேஷத்தை மாற்றிக்கொண்டால், நேயர்கள் நிலையத்தின் மேல் குறைப்படுகிறார்கள். 'முன்போல இல்லை' என்கிறார்கள். உலகம் முழுவதும் இப்படித்தான். ஆனால் இலங்கை வானொலியின் விஷயத்தில் 'முன்போல இல்லை' என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை? அங்கே மாறியது நிகழ்ச்சி நிரல் மட்டுமல்ல. நிகழ்ச்சியை நடத்திய மனிதர்களின் காலடி மண்ணே மாறிவிட்டது. நாம் பாட்டு நின்றுபோனதைப் பற்றி வருத்தப்பட்டோம். பாட்டுப் போட்டவர்கள் பிழைத்திருக்கிறார்களா என்று எத்தனை பேர் ஒரு கார்டு எழுதிப் போட்டோம்?

இது கடுமையான கேள்வி என்று எனக்குத் தெரியும். நானும் அந்தக் குரல்களைக் கேட்டவன்தான். எழுதாதவர்களில் நானும் ஒருவன்.

இப்போது சுருளிப்பட்டிக்கு வானொலி வேறு திசையிலிருந்து வருகிறது. சென்ற நூற்றாண்டு முடியும் சமயத்தில் கோடைக்கானல் மலைமேல் அகில இந்திய வானொலி ஒரு பண்பலை நிலையம் வைத்தது, 100.5 என்று எண்ணைச் சொன்னாலே இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பண்பலை சிற்றலைக்கு நேர் விரோதமான சுபாவம் உள்ளது. அது வானத்தில் பட்டுத் திரும்பாது. கண் போகிற இடத்துக்குத்தான் போகும். ஆகவே அதை ஏழாயிரம் அடி உயரத்தில் ஏற்றி வைத்தார்கள். அங்கிருந்து அது தேனி, திண்டுக்கல், மதுரைச் சீமைகளைக் குனிந்து பார்த்துப் பாடுகிறது. பந்தலில் குலை வெட்டுகிற பெண்களுக்கும், விடியற்காலையில் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் அது துணை. குரல் தெளிவு; அலையடிப்பது கிடையாது. நல்ல நிலையம்தான். நாளைக்கு அதுவும் மாறினால், இன்றைய இளைஞர்கள் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். விடட்டும்; நியாயம்தான். ஆனால் அதற்கு முன்னால், பேசுகிறவர் யார், எந்த ஊர்க்காரர் என்று ஒரு தடவை விசாரித்து வைத்துக்கொள்ளட்டும்.

அன்று மாலை, விடைபெறுவதற்கு முன்னால் பெரியவரிடம் இந்தக் கதையையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். 1983-ஐச் சொன்னேன். ராஜாவைச் சொன்னேன். அவர் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள், ஐம்பது வயதைத் தாண்டியவள், காபி கொண்டு வந்து வைத்தாள். கொழும்பிலிருந்து வாழ்த்துப் பெற்ற குழந்தை அவள்தான்.

காபியைக் குடித்து முடித்தோம். வெகு நேரம் கழித்து அவர் கேட்டார்.

"ஏன் தம்பி, அப்ப எம்மக பேரைச் சொன்னுச்சே, அந்தப் பொண்ணு... அது தப்பிச்சிருக்கும்ல?"

பெயர் தெரியாத ஒருத்தியைப் பற்றி நான் என்ன பதில் சொல்வது? "தப்பித்திருப்பாள், ஐயா" என்றேன்.

"நல்லா இருக்கட்டும்" என்றார். மகளைக் கூப்பிட்டு, பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டாம் என்றும், கூடத்திலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார்.